பத்து நாள் வெளியூர் போகணும், அத்தையை யார் பார்த்துக்கொள்வது?

என் மாமியாருக்குப் பார்க்கின்சன் நோய். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மதுரை திருநகரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வப்போது அவரை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் கிளம்பிவிடுவேன். ஒரு தடவை என் ஹெர்னியா ஆபரேஷனுக்காக, மற்றபடி மகள் வீட்டுக்கு, சில சமயம் சும்மா படுத்துத் தூங்குவதற்கு. ஆபரேஷன் என்றால் உறவுக்காரர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். அலுப்பாக இருக்கிறது என்றால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். இடுப்பு விட்டுப்போன பிறகு ஏற்பாடு செய்வதைவிட, கை கால் நன்றாக இருக்கும்போதே செய்வது எல்லோருக்கும் நல்லது.

என்னிடம் கேட்பவர்கள் எடுத்த எடுப்பில் "ஆள் எங்க கிடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஆள் தேடுவது பின்னால் வருகிற வேலை. வருஷக்கணக்கில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, தான் என்னவெல்லாம் செய்கிறோம் என்பதே தெரியாது. கை பாட்டுக்குச் செய்துகொண்டே போகும். வருகிறவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? முதலில் அதை எழுத வேண்டும். ஆள் நல்லவராக இருந்தும் ஏற்பாடு சொதப்பிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் எழுதி வைத்த தாள் ஒன்றுகூட இல்லை.

நோட்டு

சாதா நோட்டு ஒன்று போதும். பேனாவை நூலில் கட்டிக் கட்டில் பக்கம் தொங்கவிடுங்கள். ஒரு வாரத்துக்கு, அவருக்காகச் செய்வதை எல்லாம் செய்த கையோடு, மணி போட்டு ஒரு வரி எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். வாரக் கடைசியில் சீராக நகலெடுத்துக்கொள்ளலாம். என் நோட்டில் காலை நேரம் இப்படி இருக்கிறது:

காலை 6: சின்டோபா (பார்க்கின்சன் மாத்திரை) ஒன்று, அரை டம்ளர் தண்ணீரோடு. உட்கார வைத்துத்தான் கொடுக்கணும். மணி பிசகக் கூடாது.

6.40 வரை எழுப்ப வேண்டாம். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தால்தான் உடம்பு இளகும்.

6.40: ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார வைக்கணும். இரண்டு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். உடனே நிற்க வைத்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்.

நிற்க வைக்க: கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. பாதம் இரண்டையும் பின்னுக்குத் தள்ளி வைத்து, "முன்னால குனிங்கம்மா" என்று சொல்லணும். மூக்கு முழங்காலுக்கு நேராக வந்ததும் அவரே எழுவார். நம் கை இடுப்பில் மட்டும்.

பாத்ரூம் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். தள்ளாதே. தரையில் சாக்பீஸ் கோடு இருக்கு. "கோட்டைத் தாண்டுங்க" என்றால் தாண்டுவார்.

7.15: இட்லி. சாம்பார் மேலாக, பருப்பு அடியில் தங்கட்டும்.

அந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் நட என்றால் நகராத கால், ஒன்றைத் தாண்டு என்றால் தாண்டுவது இந்த நோயில் சகஜம். சமையலறை வாசலில் கலர் டேப் ஒட்டியிருக்கிறோம், அதுவும் வேலை செய்கிறது. பருப்பு விஷயமும் காரணத்தோடுதான். சின்டோபாவில் இருக்கிற லெவோடோபா என்கிற மருந்து உடம்பில் ஏறும் வழியில்தான் சாப்பாட்டிலுள்ள புரதமும் ஏறப் பார்க்கும். அதனால் மாத்திரைக்கு அரை மணியாவது கழித்துத்தான் சாப்பாடு, பால், பருப்பு எல்லாம். காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். காரணம் தெரியாத விதியை வருகிறவர் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்.

உங்கள் வீட்டில் இருப்பவருக்கு சர்க்கரையாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம், மறதி நோயாக இருக்கலாம். சர்க்கரை என்றால் இன்சுலின் எத்தனை யூனிட், சாப்பிட மறுத்தால் ஊசியை என்ன செய்வது, வேர்த்துக் கை நடுங்கினால் உடனே என்ன கொடுப்பது. பக்கவாதம் என்றால் எந்தப் பக்கக் கை, எந்தப் பக்கம் படுக்க வைப்பது. மறதி என்றால் எந்த நேரம் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார், என்ன சொன்னால் அமைதியாவார். பெரும்பாலும் பொழுது சாயும் நேரம்தான் அது. மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால், ஊற்றும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

சிவப்பு மைப் பக்கம்

நோட்டின் முதல் பக்கத்தைத் தவறினால் ஆபத்து என்கிற விஷயங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். எங்கள் நோட்டில் நாலு இருக்கின்றன.

சின்டோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்டாக் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கிக்கலாம் என்கிற பேச்சே கூடாது. சிஆர் என்று போட்ட மாத்திரையை (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வகை) பொடித்துக் கொடுக்கக் கூடாது.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் கூடாது. பெரினார்ம், ஸ்டெமெட்டில் என்று வருவது இவைதான். ராத்திரி சத்தம் போடுகிறார் என்று ஹாலோபெரிடால் ஊசியும் கூடாது. மூன்றுமே பார்க்கின்சனை மோசமாக்கும். அவசரத்துக்குப் போகிற இடத்தில் இருக்கும் டாக்டருக்கு இவருக்குப் பார்க்கின்சன் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அதனால் இந்தப் பக்கத்தை முதலில் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன், எங்கள் நரம்பியல் டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். டாக்டர் கையெழுத்து இருந்தால் ஆஸ்பத்திரியில் பேச்சே வேறு.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. மூத்திரத்தில் கிருமித் தொற்றோ, உடம்பில் தண்ணீர் வற்றியதோ, மலம் கட்டியதோ காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டணும்.

நாலாவது பூனை. அத்தைக்குச் சாயங்காலமானால் கட்டிலுக்கு அடியில் பூனைக்குட்டிகள் தெரியும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. நோயாலும் மாத்திரையாலும் இப்படித் தோன்றுவது உண்டு. இதைச் சொல்லாமல் விட்ட ஒரு வீட்டில், வந்த பெண் பேய் பிசாசு என்று பயந்து விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இல்லைன்னு வாதாட வேண்டாம், லைட்டைப் போட்டு, விரட்டிட்டேன் அத்தைன்னு சொன்னா போதும்" என்று எழுதியிருக்கிறேன்.

யாரிடம் விடுவது

மூன்று வழிதான் இருக்கிறது. சொந்தத்தில் ஒருவர் வந்து தங்குவது, கூலிக்கு ஆள் வீட்டுக்கு வருவது, பெரியவரை ஓர் இல்லத்தில் கொஞ்ச நாள் விடுவது.

சொந்தக்காரர் வருவது கேட்பதற்கு இனிக்கும். இரண்டு நாள் என்றால் சரி. என் நாத்தனார் திருப்பூரிலிருந்து வருவார். பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் தூக்கி நிறுத்தத் தெரியாது, முதுகு பிடித்துக்கொள்ளும். அவரை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டு, கை வேலைக்கு ஓர் ஆளைப் போட்டால் அருமையாக நடக்கிறது. ஒருவரால் முடியாததை அவர் தலையில் கட்டிவிட்டு அப்புறம் சரியில்லை என்று மனஸ்தாபப்படுவதில் என்ன லாபம்?

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், இடம் மாறினால் குழம்பிப்போகிற மறதிக்காரர்களுக்கும் வீட்டுக்கே ஆள் வருவதுதான் நல்லது என்பது என் எண்ணம். பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதைக் கால் பழகியிருக்கும், ராத்திரி எழுந்தால் சுவர் தெரிந்த சுவராக இருக்கும். தெளிவான புத்தி, பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவர் என்றால் இல்லமே மேல். அங்கே நாலு பேர் இருப்பார்கள், டிவி முன்னால் சண்டை போடவாவது ஆள் இருக்கும்.

ஏஜென்சியில் ஆள் எடுக்கும்போது, "ஹோம் நர்ஸ்" என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நர்சிங் படித்தவரா, சில மாதம் பயிற்சி எடுத்தவரா, வேலையிலேயே பழகியவரா என்று கேளுங்கள். ஊசி, டியூப், கத்தீட்டர் இருக்கிற வீட்டுக்குப் படித்தவர்தான் வேண்டும். குளிப்பாட்டி, ஊட்டி, நடக்கவைக்கிற வேலைக்குப் பழகிய அட்டெண்டரே போதும், சம்பளமும் குறைவு. ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரின் விவரத்தைச் சரிபார்த்துத் தரும் சேவை தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது.

காசு விஷயத்தில் கேட்க வேண்டியவை: நாள் கணக்கா, மாதக் கணக்கா? பதிவுக் கட்டணம் தனியா? ஆள் பாதியில் நின்றால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? முன்பணத்தில் மீதி திரும்புமா? பத்து நாளுக்கு எடுப்பது, மாதச் சம்பளத்தை நாள் கணக்காக வகுத்தால் வருவதைவிடக் கூடுதலாகத்தான் வரும். இல்லங்களிலும் அப்படித்தான். அதில் பேரம் பேசி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

"24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க" என்பார்கள். ஒரே ஆள் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது. பெரியவர் ராத்திரியில் மூன்று நாலு தடவை எழுகிறவர் என்றால், பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று 12 மணி நேர ஷிப்டாகப் போடுங்கள். தூங்காத ஆள் மூன்றாம் நாள் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், அது அவர் தப்பில்லை. தங்கி வேலை செய்கிறவருக்குப் படுக்க இடம், குளிக்க வசதி, மூன்று வேளைச் சாப்பாடு நம் பொறுப்பு. நாம் வீட்டில் இல்லாதபோது சமைப்பது யார் என்பதை இங்கேதான் பல பேர் கோட்டைவிடுகிறார்கள். அட்டெண்டர் வீட்டுக்குச் சமைக்க வரவில்லை. நான் எங்கள் தெரு மெஸ்ஸில் சொல்லிவைத்துவிடுவேன், அத்தைக்கு வேண்டிய குழைந்த சாதத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுக்கொள்வேன். வருகிறவர் அசைவம் சாப்பிடுபவரா, உங்கள் வீட்டில் அது ஆகுமா என்பதையும் முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எங்கள் அத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் ஓர் ஆண் வந்து புடவையைத் தொட்டால் அன்றைக்குச் சாப்பாடே இறங்காது.

இல்லம் என்றால்

போன் செய்துவிட்டுப் போனால் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். சொல்லாமல் சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகல் ஆட்கள் கிளம்பி ராத்திரி ஆட்கள் வருகிற நேரம் அது, எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பது தெரியும். உள்ளே வர விட மறுத்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. மூத்திர வாடையைவிட, அதை மறைக்க அளவுக்கு மீறி பினாயில் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டில் பக்கமும் தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? பாத்ரூமில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, அதை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கட்டிலோடு யாரையாவது கட்டியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழ் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்றால் நான் கேட்பது இது: "ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே விழுந்துட்டா என்ன செய்வீங்க?" பதில் சட்டென்று, யார் தூக்குவார்கள், எந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் போன் என்று வர வேண்டும். "அப்படியெல்லாம் நடக்காதும்மா" என்பது பதில் இல்லை.

இல்லத்துக்கு அனுப்பும்போது மாத்திரைகளை நாள் கணக்கைவிட மூன்று நாளுக்கு அதிகமாக, சீட்டோடு கொடுங்கள். பல்செட், மூக்குக்கண்ணாடி, காதுகேட்கும் கருவி எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள். நகையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். எங்கள் அத்தை மூக்குத்தியை மட்டும் கழற்ற மாட்டார். அதனால் அவர் மூக்குத்தியோடு இருக்கும் போட்டோவை எடுத்து, நோட்டிலும் எழுதி, இல்லத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஆதார், காப்பீட்டு அட்டை நகல்கள், பென்ஷன் வாங்குகிறவர் என்றால் நேர்காணல் மாதம் இடையில் வருகிறதா என்பதும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் செலவை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று பெரியவரை ஆஸ்பத்திரியில் "செக்கப்புக்கு" சேர்த்துவிட்டுப் போகிறார்கள். வேண்டவே வேண்டாம். தெரியாத வார்டு, விடிய விடிய வெளிச்சம், பக்கத்துக் கட்டில் கிருமி. நடந்து போனவர் படுத்துக்கொண்டு திரும்பியதை எங்கள் தெருவிலேயே பார்த்தோம்.

அரசு பக்கம் பார்த்தால், 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், இல்லங்கள் பற்றிய தகவல் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு இயன்முறை சிகிச்சைக்கும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கும் வீடு தேடி வருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். அவர்கள் உங்களுக்குப் பதிலாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் ஒரு தடவை நர்ஸ் வந்து புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் அது பெரிய தைரியம்.

ஊர் வாய்

"மதினி, அம்மாவை ஹோம்ல விட்டா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று பெங்களூரிலிருந்து கொழுந்தன் போனில் கேட்டார். "அந்தப் பத்து நாள் நீங்க லீவு போட்டு வாங்க தம்பி" என்றேன். அதற்கப்புறம் பேச்சு இல்லை, செலவில் பாதி வந்துவிட்டது. சண்டை போட வேண்டாம், தேதியைச் சொல்லிக் கேளுங்கள். வரமுடியாதவர்கள் பணம் தரலாம் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கேஸ் போடுவோம் என்று மிரட்டுகிற உறவும் உண்டு. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மூத்தவரை முழுவதுமாகக் கைவிடும் எண்ணத்தோடு ஓர் இடத்தில் விட்டுப்போவதைத்தான் குற்றம் என்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பி அழைத்துப்போகும் தேதி எழுதி, பணம் கட்டி, தினமும் போனில் பேசுகிறவர் அந்தக் கணக்கில் வர மாட்டார்.

பெரியவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போவோம் என்று சொல்லி இல்லத்தில் இறக்கிவிட்டால், அடுத்த முறை கோயிலுக்கே வர மாட்டார். நான் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அத்தை கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவிடுவேன். "எத்தனாந்தேதி வருவ?" என்று ஒரு நாளைக்குப் பல தடவை கேட்பார். காலண்டரைக் காட்டினால் போதும். மறதி அதிகமானவருக்கு மட்டும் ரொம்ப முன்னால் சொல்லாமல், கிளம்பும் நாளில் சொல்வது நல்லது. இல்லையென்றால் வாரம் பூராவும் தவிப்பு.

கிளம்புவதற்கு முன்னால்

புதிய ஆளை இரண்டு நாள் முன்னாலேயே வரவழையுங்கள். அந்தச் சம்பளம் வீண் இல்லை. முதல் நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் அவர் செய்ய நீங்கள் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். இது கஷ்டம்தான். நான் முற்றத்தில் போய்க் கீரை ஆய்ந்துகொண்டு காதை மட்டும் உள்ளே வைத்திருப்பேன். நாம் செய்வதைவிட மெதுவாகச் செய்வார், பொட்டைக் கோணலாக வைப்பார். மாத்திரை நேரத்தில் சரியாக இருக்கிறாரா, தூக்கும் முறை சரியா, அதட்டாமல் பேசுகிறாரா என்கிற மூன்றும் சரியாக இருந்தால் மற்றதை விடுங்கள். இல்லம் என்றால் ஒரு பகல் கொண்டுபோய் உட்கார வைத்துச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். ஒரு ராத்திரி தங்க வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

போன பிறகு ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டால் "ஆமாக்கா" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு எத்தனை தடவை ஒன்னுக்குப் போனாங்க? வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். பார்த்துக்கொள்கிறவரால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். சந்தேகம் வந்தால் வீடியோ காலில் அவர் பாதத்தைக் காட்டச் சொல்லலாம். மறைவாகக் கேமரா வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள், குளிக்கிற இடத்திலும் உடை மாற்றுகிற இடத்திலும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் காப்பி குடிக்கும் முன் முதுகுத்தண்டின் அடி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். நம் தோல் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டுப் பாருங்கள், ஓரிடம் மட்டும் சூடாகவோ கன்றிப்போயோ இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பம், அன்றே கவனிக்க வேண்டும். மிச்ச மாத்திரைகளை எண்ணுங்கள். எடை பார்க்க முடிந்தால் பாருங்கள். இரண்டு நாள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார், பேச மாட்டார், அது தானாகச் சரியாகும்.

ஆள் பிடித்திருந்தால் அவர் கிளம்பும் முன்பே அடுத்த தேதியைப் பேசிவிடுங்கள். ஏஜென்சியில் பெயர் சொல்லி அவரையே கேளுங்கள், இரண்டாம் முறை பாதி வேலை மிச்சம். தீபாவளி, பொங்கலை ஒட்டி எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆள் கிடைக்காது. முகூர்த்த மாதங்களில் கேட்கிற வீடுகள் அதிகம், அதனால் அப்போதும் இழுபறிதான். ஆடியில் கிளம்ப முடிந்தால் அதைவிட வசதியான மாதம் இல்லை.